எது பழுது? – இயந்திர நம்பகத்தன்மைக் கணக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

இயந்திரம் பழுதாகும் முன்பே கணினி எச்சரித்துவிடும் என்னும் அறிவிப்பை இன்று தொழில்துறை மாநாடுகளிலும் பொறியியல் கல்லூரிகளின் கருத்தரங்கு அழைப்பிதழ்களிலும் அடிக்கடி காண்கிறோம். பராமரிப்புப் பதிவேடுகளைத் திரட்டிப் புள்ளியியல் மாதிரி ஒன்றில் செலுத்தினால், எந்தப் பாகம் எப்போது செயலிழக்கும் என்பதற்கான நிகழ்தகவு கிடைக்கும். அதைக் கொண்டு பணிகளைத் திட்டமிடலாம் என்பது இதன் சாரம். கணக்கிடும் முறைகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அக்கணக்குக்குள் நுழையும் ‘பழுது’ என்ற சொல்லைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது.

மொழியியல் பயின்ற எனக்கு, இத்துறையின் வரலாற்றை வாசிக்கும்போது அச்சொல்லே மையமாகத் தோன்றுகிறது. கணக்கீடு தானியக்கமான ஒவ்வொரு கட்டத்திலும், எதைப் பழுது என எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்று யாரோ ஒருவர் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். இறுதியில் கிடைக்கும் எண்ணில் அம்முடிவின் சுவடு தெரிவதில்லை. அச்சுவடுகள் சிலவற்றை இங்கே பின்தொடர முயல்கிறேன்.

1. மனித ஆயுளும் இயந்திர ஆயுளும்

நம்பகத்தன்மைப் புள்ளியியலின் வேர்கள் மனித மரணக் கணக்கில் உள்ளன. பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு எட்மண்ட் ஹாலி 1693இல் வாழ்நாள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். வயது ஏற ஏற மரண வீதம் எவ்வாறு பெருகுகிறது என்பதை 1825இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் ஒரு விதியாக வகுத்தார். பிறந்தவுடன் ஆபத்து மிகுதி, நடு வயதில் குறைவு, முதுமையில் மீண்டும் மிகுதி என்னும் மனித ஆயுளின் வடிவமே பின்னாளில் பொறியியல் பாடநூல்களில் ‘குளியல்தொட்டி வளைகோடு’ எனப் பெயர் பெற்றது.

இந்த ஒப்புமை வசதியானது. அதனுள் ஒரு சிக்கலும் இருக்கிறது. மனித மரணத்திற்கு நாளும் நேரமும் உண்டு. அது நிகழ்ந்ததா இல்லையா என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. இயந்திரத்தின் நிலை வேறு. எண்ணெய் கசியும் பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடாத பம்பை அரை மணி நேரத்தில் மீண்டும் ஓட வைத்துவிடலாம். காப்பீட்டுக் கணக்கரின் அட்டவணையைத் தொழிற்கூடத்திற்குக் கொண்டுவந்தவர்கள், மரணத்திற்கு இணையான நிகழ்வு ஒன்றை முதலில் வரையறுத்தாக வேண்டியிருந்தது.

2. ஐம்பது மணி நேரச் சோதனை

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையின் கடலோரப் பிரிவு, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அட்லாண்டிக் கடல்மேல் நெடுந்தொலைவு பறந்தது. விமானங்களில் பெரும்பகுதி பறப்பதைவிடப் பராமரிப்புக் கொட்டகையில் நிற்பதே அதிகமாக இருந்தது. இச்சிக்கலை ஆராய்ந்த செயல்பாட்டு ஆய்வுப் பிரிவில் உயிரியலாளர்கள் பலர் இருந்தனர். கருவியல் அறிஞர் சி. எச். வாடிங்டன், மரபியலாளர் செசில் கோர்டன் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். பூச்சிகளின் தொகையைக் கணக்கிட்டுப் பழகிய கண்கள், விமானப் படைப்பிரிவையும் ஒரு தொகையாகவே பார்த்தன.

ஒவ்வொரு 50 மணி நேரப் பறத்தலுக்குப் பின்னும் விமானம் முறைப்படி சோதிக்கப்பட்டது. சோதனை முடிந்து எத்தனை மணி நேரம் பறந்த பிறகு எதிர்பாராத பழுதுகள் தோன்றின என்று ஆய்வாளர்கள் வரைபடமிட்டனர். சோதனைக்குப் பின் பழுதுகள் குறைந்திருக்கும், மணிகள் ஏற ஏறக் கூடும் என்பதே அன்றைய நம்பிக்கை. வரைபடம் நேர்மாறாக அமைந்தது. சோதனை முடிந்த உடனே பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. அடுத்த சோதனைக்குப் பின் மீண்டும் எழுந்தன. நன்றாக இயங்கிய பாகங்களைக் கழற்றி மாட்டியதே பழுதுக்கு வழிவகுத்தது என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. சோதனைகளின் இடைவெளியும் உள்ளடக்கமும் திருத்தப்பட்டபோது விமானங்கள் பறந்த நேரம் கணிசமாக உயர்ந்தது. இவ்வாய்வை விவரிக்கும் வாடிங்டனின் நூல் 1973இல்தான் அச்சேறியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சோதனையின்போது செய்யப்பட்ட பழுதுநீக்கமும், இடையில் எதிர்பாராமல் நேர்ந்த பழுதுநீக்கமும் தனித்தனியே பிரித்தறியக்கூடியனவாக இருந்தன. இரண்டையும் ஒரே பத்தியில் ‘பழுதுநீக்கம்’ என்று எழுதியிருந்தால் அந்த வரைபடம் தோன்றியே இராது. பதிவேட்டின் கட்டங்கள் முன்பே செய்துவைத்த பாகுபாட்டின்மேல்தான் அந்தக் கண்டுபிடிப்பு எழுந்தது.

3. பேருந்து, பருத்தி, கடலடிக் கம்பி

போருக்குப் பின் மின்னணுக் கருவிகளின் பழுது அமெரிக்க ராணுவத்தின் பெருங்கவலையாயிற்று. அதே காலத்தில் ‘ஆயுள் தரவு’ புள்ளியியலின் தனிப் பிரிவாக வளர்ந்தது. 1952இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் டி. ஜே. டேவிஸ் வெளியிட்ட கட்டுரையில் 191 நகரப் பேருந்துகளின் இன்ஜின் பழுதுகள் இடம்பெற்றன. முதல் பழுது நேரும் தொலைவு ஏறத்தாழ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றியது. இரண்டாம், மூன்றாம் பழுதுகள் எனச் செல்லச் செல்ல அது அடுக்குக்குறிப் பரவலை நெருங்கியது. பழுது நீக்கப்பட்ட இன்ஜின் முழுப் புதியதும் அன்று, முழுப் பழையதும் அன்று. வெவ்வேறு வயதுடைய பாகங்களின் கலவை அது. ஆகவே ‘வயது’ என்ற கருத்தே அங்கு மங்கிப்போகிறது.

அத்தரவில் இன்ஜின் பழுது இருவகையாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஏதேனும் ஒரு பாகம் உடைந்து இன்ஜின் ஓடாமல் நிற்பது முதல் வகை. அளந்து பார்க்கையில் அதன் உச்சத் திறன் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருப்பது இரண்டாம் வகை. எளிதில் மாற்றக்கூடிய துணைப் பாகங்களின் பழுதுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதாவது, தரவின் ஒரு பகுதி நிகழ்ந்த பழுது. மற்றொரு பகுதி அறிவிக்கப்பட்ட பழுது. இன்றும் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக வரும் அந்த எண்களுடன் இந்த வரையறையும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.

சுவீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வைபுல் 1951இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. ஒரே சமன்பாடு பலவகைத் தரவுகளுக்கும் பொருந்துவதைக் காட்ட அவர் ஏழு எடுத்துக்காட்டுகளைத் தந்தார். உருக்கின் வலிமை, சாம்பல் துகள்களின் அளவு, பிரித்தானியத் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், அவரைவகை விதைகளின் அகலம் ஆகியவற்றோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் அவற்றுள் ஒன்று. தம் சமன்பாட்டிற்குக் கோட்பாட்டு நியாயம் எதையும் அவர் கோரவில்லை. பயன்படும் இடத்தில் பயன்படுத்தலாம் என்பதே அவர் நிலைப்பாடு.

வைபுல் பரவலின் வெற்றிக்கு அதன் வடிவ அளவுரு ஒரு காரணம். அது ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் தொடக்கக் காலப் பழுதுகள் மிகுதி. ஒன்றாக இருந்தால் பழுதுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. ஒன்றைவிட மிகுந்தால் தேய்மானம். இதற்கென அச்சிடப்பட்ட வரைபடத் தாளில் புள்ளிகளை இட்டு, ஒரு நேர்கோடு வரைந்து, அதன் சாய்வைப் படித்தாலே போதும். புள்ளியியல் அறியாத பொறியாளரும் விடை காணலாம். நம்பகத்தன்மைப் பகுப்பாய்வின் முதல் தானியக்கக் கருவி அந்தத் தாளே என்பேன். கணக்கு தாளின் கட்டங்களுக்குள் முன்கூட்டியே அடக்கப்பட்டிருந்தது.

எஞ்சிய பெருஞ்சிக்கல், இன்னும் பழுதாகாதவற்றை என்ன செய்வது என்பது. நூறு பாகங்களில் பத்து மட்டுமே பழுதாகியிருக்கும்போது அந்தப் பத்தின் சராசரியை ஆயுள் என்று கூறுவது பிழை. மற்ற தொண்ணூறும் ‘இதுவரை பழுதாகவில்லை’ என்ற செய்தியைத் தருகின்றன. இதற்கு 1958இல் தீர்வு தந்த கட்டுரையை எட்வர்ட் கப்லானும் பால் மையரும் இணைந்து எழுதினர். மையர் புற்றுநோயாளிகளின் வாழ்நாளை ஆராய்ந்து வந்தவர். கப்லான் பெல் தொலைபேசி ஆய்வகத்தில், கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் பொருத்தப்பட்ட வால்வுகளின் ஆயுளை ஆராய்ந்து வந்தவர். இருவர் செய்வதும் ஒன்றே என்று உணர்ந்து அவர்களை இணைத்தவர் ஜான் டூகி. மருத்துவ ஆய்வேடுகளில் இன்று நாம் காணும் படிக்கட்டு வடிவ வளைகோட்டின் ஒரு வேர் அட்லாண்டிக் கடலடியில் இருக்கிறது.

4. விமான நிறுவனங்களின் கணக்கு

குறிப்பிட்ட மணி நேரம் பறந்தவுடன் பாகத்தைக் கழற்றி முழுமையாகச் சீரமைப்பதே நெடுங்காலம் விமானப் பராமரிப்பின் அடிப்படை விதியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு ‘சரியான வயது’ உண்டு என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. 1960இல் அமெரிக்க வான்போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பும் விமான நிறுவனங்களும் ஒரு கூட்டுக் குழு அமைத்து இந்நம்பிக்கையைத் தரவுகொண்டு சோதித்தன. சிக்கலான கருவிகளில், குறிப்பிட்ட ஒரு பழுதுவகை மேலோங்கி இருந்தாலன்றி, கால அட்டவணைப்படி செய்யும் சீரமைப்பால் நம்பகத்தன்மை பெரிதாகக் கூடவில்லை எனத் தெரிந்தது. இதன் விளைவாக 1968இல் போயிங் 747 விமானத்திற்கான புதிய பராமரிப்பு நெறிமுறை உருவானது. அதன் வழித்தோன்றலான எம்.எஸ்.ஜி.-3 என்னும் முறையே விமானப் பராமரிப்பில் இன்றும் வழக்கில் உள்ளது.

யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978இல் எழுதிய அறிக்கை இவ்வரலாற்றின் திருப்புமுனை. விமானப் பாகங்களின் வயதுக்கும் பழுதுக்கும் உள்ள உறவை அவர்கள் ஆறு வடிவங்களாக வகுத்தனர். பாடநூல்களின் குளியல்தொட்டி வடிவம் 4 விழுக்காட்டுப் பாகங்களில் மட்டுமே காணப்பட்டது. 68 விழுக்காட்டுப் பாகங்களில் தொடக்கத்தில் பழுது மிகுந்து, பின் மாறா வீதத்தில் நிலைத்தது. மொத்தத்தில் 89 விழுக்காட்டுப் பாகங்களுக்குத் தெளிவான முதுமைப் பருவமே இல்லை. அவற்றுக்கு வயது வரம்பு விதிப்பதால் பயனில்லை. பழைய நெறிமுறையில் டி.சி.-8 விமானத்தின் 339 பாகங்கள் கால அட்டவணைப்படி சீரமைக்கப்பட்டன. அதைவிடப் பெரிய டி.சி.-10 விமானத்தில் அவ்வெண்ணிக்கை 7 ஆயிற்று. இந்தப் பகுப்பாய்வுக்கு அவர்கள் காப்பீட்டுத் துறையின் பெயரையே சூட்டியிருந்தனர். ஹாலியின் அட்டவணை விமானக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தது.

எண்களைவிட அவ்வறிக்கையின் தொடக்க அத்தியாயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பழுது என்றால் என்ன என்பதை வரையறுக்க ஆசிரியர்கள் பல பக்கங்களைச் செலவிட்டனர். வகுக்கப்பட்ட செயல்தரத்தை எட்ட இயலாமை ‘செயற்பழுது’. அத்தகைய பழுது அணுகுகிறது என்பதைக் காட்டும், கண்டறியக்கூடிய பௌதிக நிலை ‘வருபழுது’. விமானி முறையிட்டதால் கழற்றப்பட்ட கருவியைப் பணிமனையில் சோதிக்கையில் குறை ஏதும் தென்படாத நிகழ்வுகளையும் அவர்கள் தனியே பிரித்தனர். விமானியின் வாக்குமூலமும் சோதனை மேசையின் தீர்ப்பும் முரண்படும்போது எதை எண்ணுவது? அதைத் தீர்மானித்த பிறகே விழுக்காடுகள் பிறந்தன.

5. சொல்லிலிருந்து குறியீட்டுக்கு

பல்லாயிரம் பதிவுகளைக் கையால் எண்ண இயலாது. துளையட்டையில் ஏற்றவேண்டுமானால் வாக்கியம் சுருங்கி எண்ணாக வேண்டும். 1956இல் வெளிவந்த ஏ.டி.ஏ. 100 என்னும் வகைப்பாடு விமானத்தின் ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் எண் அளித்தது: நீரழுத்த அமைப்புக்கு 29, தரையிறங்கு சக்கர அமைப்புக்கு 32. அமெரிக்க விமானப் படையின் பராமரிப்புத் தரவுத் திட்டம், பாகம் எவ்வாறு பழுதானது என்பதற்கும் மூன்றிலக்கக் குறியீடுகளை வகுத்தது.

குறியீடு இல்லாமல் தானியக்கம் இல்லை என்பது உண்மை. அதன் விலையையும் குறிக்க வேண்டும். வாக்கியம் ஐயத்தையும் சூழலையும் தாங்கும்: ‘குளிர்ந்த நிலையில் மட்டும் மெல்லிய கசிவு; சூடேறிய பின் நின்றது; இரண்டாம் முறை.’ குறியீடு ‘கசிவு’ என்று மட்டும் சொல்லும். எந்தக் குறியீடும் சரியாகப் பொருந்தாதபோது எழுதுபவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தயக்கம் அட்டையில் பதிவாவதில்லை.

6. எண்ணப்படாதவை

நவ்லன், ஹீப் அறிக்கைக்குத் துணையாக ஹோவர்ட் ரெஸ்னிகாஃப் என்ற கணிதவியலாளர் அதே 1978இல் எழுதிய நூல் ஒரு முரணைச் சுட்டியது. உயிரைப் பறிக்கும் பழுதுகளைப் பற்றித்தான் நமக்கு மிகுதியான தரவு தேவை. பராமரிப்பின் நோக்கமோ அத்தகைய பழுது ஒன்றுகூட நேராமல் தடுப்பது. அத்தரவு போதிய அளவு சேர்ந்துவிட்டது என்றால் பராமரிப்பு ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று பொருள். எத்தனை வேகமான கணினி வந்தாலும் இம்முரண் நீங்காது.

அடுத்த ஆண்டே ஒரு கொடும் நிகழ்வு இதன் மற்றொரு முகத்தைக் காட்டியது. 1979 மே 25 அன்று சிகாகோவிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191 விமானத்தின் இடப்பக்க இன்ஜின், அதைத் தாங்கிய அமைப்போடு பெயர்ந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருவரும் உயிரிழந்தனர். அது ஒரு டி.சி.-10. இன்ஜினையும் தாங்கியையும் ஒன்றாகவே ஃபோர்க்லிப்ட் கொண்டு கழற்றி மாட்டிய பராமரிப்பு முறையால் தாங்கியில் விரிசல் உண்டாகியிருந்தது என விசாரணையில் தெரியவந்தது. மற்றொரு நிறுவனத்தின் விமானங்களில் அதேபோன்ற சேதம் சில மாதங்களுக்கு முன்பே இருமுறை கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தது. அது பராமரிப்பாளரின் பிழையாகக் கருதப்பட்டது. கருவியின் பழுதாக ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவிக்கப்படவில்லை. அறிவிப்பு முறைகளிலும், நிறுவனங்களுக்கு இடையிலான தகவல் பரிமாற்றத்திலும் இருந்த குறைபாடுகளை விசாரணை அறிக்கை துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது.

இரண்டு முன்னெச்சரிக்கைகள் கையில் இருந்தன. ‘பழுது’ என்ற வகைக்குள் அவை வராததால் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை. கடலோரப் படைப்பிரிவின் வரைபடத்தையும் சிகாகோ விபத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் பராமரிப்பே பழுதுக்குக் காரணம். முன்னதில் அது எண்ணப்பட்டது, பின்னதில் எண்ணப்படவில்லை.

7. இன்றைய பதிவேடுகளும் நம் மொழிகளும்

அதிர்வையும் வெப்பத்தையும் நேரடியாக அளக்கும் உணரிகள் வந்துவிட்ட பிறகு சொற்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உணரி தருவது அளவு மட்டுமே. எந்த அளவு பழுதுக்கு முன்னோடி என்பதைக் கணினி கற்க வேண்டுமானால், முன்பு எப்போது பழுது நேர்ந்தது என்று யாரோ எழுதிவைத்த குறிப்பு வேண்டும். ஆகவே பணிச்சீட்டின் இரண்டு வரி மீண்டும் முக்கியமாகிறது. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் இத்தகைய குறிப்புகளைக் கையாளும் முயற்சிக்குத் ‘தொழில்நுட்ப மொழிச் செயலாக்கம்’ எனத் தனிப்பெயரே வைத்துள்ளனர். செய்தித்தாள் மொழியில் பயின்ற மாதிரிகள், சுருக்கெழுத்தும் எழுத்துப்பிழையும் தொழிற்குழூஉக்குறியும் நிறைந்த பணிச்சீட்டின் முன் தடுமாறுகின்றன என்பதே அதற்குக் காரணம்.

பல மொழிகள் கலந்து புழங்கும் இந்தியப் பணிமனைகளில் இச்சிக்கல் பன்மடங்காகிறது. தமிழில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘மோட்டார் ரிப்பேர்’ என்றால் மோட்டார் கெட்டுவிட்டது என்று பொருள். ‘மோட்டாரை ரிப்பேர் பண்ணியாச்சு’ என்றால் சரிசெய்தாயிற்று என்று பொருள். ஆங்கிலத்தில் திருத்தத்தை மட்டும் குறித்த சொல், தமிழுக்குள் வந்து குறையையும் திருத்தத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. பதிவேட்டில் ‘பம்ப் ரிப்பேர், 14ஆம் தேதி’ என்று மட்டும் இருந்தால், 14ஆம் தேதி பம்பு கெட்டதா, கெட்டிருந்த பம்பு சீரானதா? ஆயுள் கணக்குக்கு இவ்விரண்டு தேதிகளின் வேறுபாடே உயிர்நாடி. அதுபோல் ‘வண்டி இழுக்கவில்லை’ என்ற முறையீட்டின் பின்னால் அடைபட்ட டீசல் ஃபில்டரும் இருக்கலாம், தேய்ந்த கிளட்சும் இருக்கலாம். மெக்கானிக் அடுத்த இரண்டு கேள்விகளில் அதைப் பிரித்தறிவார். அந்தக் கேள்விகள் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

இதில் அறம் சார்ந்த ஒரு கேள்வியும் உண்டு. பதிவேடு ஒருபுறம் தரவு. மறுபுறம் அதை எழுதிய தொழிலாளியின் வேலையை மதிப்பிடும் ஆவணம். தன் கைப்பிழையை நேர்மையாக எழுதினால் தண்டனை வரும் என்ற நிலையில், சிகாகோ விபத்துக்கு முந்தைய சேதங்களைப் போன்றவை எழுதப்படாமலே போகும். தானியங்கிப் பகுப்பாய்வு அந்த மௌனத்தை நம்பகத்தன்மையாக வாசிக்கும்.

இந்த வரலாற்றிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துச்செல்லக்கூடியவையாக மூன்றைக் குறிப்பிடுவேன். தரவுத்தொகுப்பை வெளியிடுவோர் அதில் பழுது எவ்வாறு வரையறுக்கப்பட்டது, எவை விலக்கப்பட்டன என்பதைச் சேர்த்தே வெளியிட வேண்டும். குறியீட்டின் அருகில் தொழிலாளி தம் சொற்களில் எழுதிய வரியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பணிமனை வழக்குச் சொற்களுக்கான அகராதியை, அச்சொற்களை நாள்தோறும் ஆளும் தொழிலாளர்களோடு அமர்ந்து உருவாக்க வேண்டும். மூன்றாவது பணி மொழியியல் துறைகள் தயக்கமின்றி ஏற்கத்தக்கது. ‘ஜாம்’, ‘சீஸ்’, ‘பிடித்துக்கொண்டது’ ஆகிய மூன்றும் ஒரே பழுதா, மூன்று வெவ்வேறு பழுதுகளா என்பதைக் கள ஆய்வின்றி எவராலும் சொல்ல முடியாது.

உங்கள் பகுதியின் பணிமனைகளில் இத்தகைய சொற்கள் எவ்வாறு வழங்குகின்றன என்பதை அறிந்த நண்பர்கள் கீழே பதிவிட்டால் நன்றியுடையவனாவேன்.